மாடு கடிக்கவில்லை

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு போடும் இடத்தில் ஒரே தெருவைச் சேர்ந்த 31 பேர் நின்றார்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை. எல்லோரும் கேட்டது நாய்க்கடி ஊசி. ஆனால் ஒருவரையும் நாய் கடித்திருக்கவில்லை. முந்தின இரவு அந்தத் தெருவில் ஒரு கறவை மாடு செத்துப்போயிருந்தது. அதன் பாலை எல்லோரும் குடித்திருந்தார்கள்.

கரிசல் காட்டு ஊர் அது. ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் வந்த விதத்தையும் நாங்கள் எடுத்த முடிவுகளையும் மாற்றவில்லை. இதில் நான் கோட்டைவிடப் பார்த்த ஒரு விஷயம் இருக்கிறது. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

மாட்டின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அது தீவனத்தைத் தொடவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக வடிந்தது. தொண்டை கம்மி, ஒரு மாதிரி கட்டைக் குரலில் கத்திக்கொண்டே இருந்தது. மே மாதம், மாம்பழக் காலம். மாங்கொட்டை தொண்டையில் சிக்கிவிட்டது என்று தெருவே முடிவு கட்டியது. செவ்வாய்க்கிழமை கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். ஆறு வாரத்துக்கு முன் ஒரு தெரியாத நாய் அந்த மாட்டின் மூக்கில் கடித்துவிட்டு ஓடியதை யாரோ அப்போதுதான் நினைவுபடுத்தினார்கள். ரேபிஸாக, அதாவது வெறிநாய்க்கடி நோயாக இருக்கலாம், யாரும் பக்கத்தில் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமை பின்னங்கால்கள் தள்ளாடின. வியாழன் இரவு செத்தது.

மூளைத் திசுவை எடுத்து ஃப்ளோரசென்ட் ஆன்டிபாடி சோதனை செய்திருந்தால் உறுதியாகத் தெரிந்திருக்கும். நாங்கள் அந்தப் பேச்சை எடுப்பதற்குள் மாட்டைப் புதைத்து மேலே சுண்ணாம்பும் போட்டுவிட்டார்கள். ஆகவே இது சோதனையில் உறுதிசெய்யப்பட்ட ரேபிஸ் இல்லை. ஆனால் கடித்த நாயைக் காணவில்லை, மூக்கில் கடி, ஆறு வார இடைவெளி, வடியும் எச்சில், மாறிப்போன குரல், நாலைந்து நாளில் சாவு. இவ்வளவும் சேர்ந்து நிற்கும்போது சந்தேகத்தின் பலனை ரேபிஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். நாயையும் பூனையையும் பத்து நாள் கட்டிப்போட்டுப் பார்க்கலாம் என்கிற கணக்கு மாட்டுக்குப் பொருந்தாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

31 பேரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து ஒவ்வொருவராக விசாரித்தேன். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புரிந்தது. அவர்கள் மனதில் ரேபிஸ் பரவுகிற விதம் தீட்டு பரவுகிற விதம். மாட்டின் எச்சில் தொட்டியில் பட்டது, தொட்டியைத் தொட்டவர் கதவைத் தொட்டார், கதவைத் தொட்ட பிள்ளை முறுக்கு தின்றது. இப்படி ஒருவரைத் தொட்டவர் இன்னொருவர் என்று சங்கிலி நீள்கிறது. எத்தனை கண்ணி தள்ளிப் போனாலும் பயம் குறைவதில்லை. எச்சில் என்ற சொல்லுக்கே நம் வீடுகளில் அப்படி ஒரு கனம் உண்டு. எச்சில் பட்ட தட்டு, எச்சில் பட்ட கை, எச்சில் பட்ட தண்ணீர். அந்தப் பழக்கம் பல நோய்களுக்கு நல்ல காவல். ரேபிஸ் விஷயத்தில் மட்டும் அது நம் கண்ணைத் தப்பான இடத்துக்குத் திருப்பிவிடுகிறது.

இந்த வைரஸுக்குச் சங்கிலி தெரியாது. அதற்கு வேண்டியது ஒரு வாசல்: கடித்த பல் போட்ட ஓட்டை, நகம் கிழித்த கீறல், ஏற்கெனவே திறந்திருக்கும் புண், அல்லது கண், வாய், மூக்கின் ஈரமான உள்தோல். அந்த வாசலில் நோயுற்ற விலங்கின் ஈர எச்சில் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் தசைக்குள் கொஞ்ச காலம் தங்கும். பிறகு நரம்பு முனையில் ஒட்டி உள்ளே ஏறி, நரம்பு வழியாகவே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகும். மூளையில் பெருகிய பிறகு மறுபடி நரம்புகள் வழியாகவே இறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு வரும். ரத்தத்தில் ஓடித் திரிகிற கிருமி இல்லை இது. அதனால்தான் ரத்தம், மூத்திரம், சாணம் இவற்றால் இந்த நோய் வருவதில்லை. அதன் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு பட்டால் உடையும். உலர்ந்தால், வெயில் பட்டால், கொதித்தால் சாகும். மே மாதத்துக் கரிசல் வெயிலில் ஒரு மூங்கில் படலின் மேல் காய்ந்துபோன எச்சில் யாரையும் எதுவும் செய்யாது. காயமில்லாத தோலின் மேல் பட்டாலும் கழுவினால் போதும்.

பால்? அந்தப் பால் பெரும்பாலும் காபியாகவும் தயிராகவும் காய்ச்சிய பிறகே உள்ளே போயிருந்தது. கொஞ்சம் பால் சொசைட்டிக்குப் போயிருந்தது, அங்கே எப்படியும் சூடாக்குவார்கள். பால் குடித்து மனிதருக்கு ரேபிஸ் வந்ததாக நிரூபிக்கப்பட்ட நிகழ்வு இல்லை. இதைச் சொன்னபோது ஒரு அக்கா என் முகத்தைப் பார்த்து, "குடிச்சது நாங்கதான டாக்டரம்மா" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். சும்மா ஒரு ஊசி போட்டுவிட்டால் எல்லோரும் நிம்மதியாகப் போவார்களே என்று எனக்கே தோன்றியது.

இந்தச் சபலம் எனக்கு மட்டும் வந்ததல்ல. 1994 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் விற்ற பூனைக்குட்டிக்கு ரேபிஸ் உறுதியானது. அந்தக் கடைப் பூனைகளைத் தொட்டவர்கள், தொட்டிருக்கலாம் என்று நினைத்தவர்கள் என்று 665 பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். மாசசூசெட்ஸில் 1996-க்கும் 1998-க்கும் இடையே ரேபிஸ் வந்த இரண்டு பசுக்களின் காய்ச்சாத பாலைக் குடித்த 80 பேர் அளவில் போட்டுக்கொண்டார்கள். அங்கே காய்ச்சாத பால், கையில் மருந்து இருந்தது, போட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் 31 பேருக்கும் போட்டிருந்தால், பாலால் ரேபிஸ் வரும் என்று ஒரு தெருவுக்கே நான் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். அடுத்த முறை ஒரு பிள்ளையை நாய் பிராண்டும்போது, பால் குடித்தவனும் பிராண்டல் பட்டவனும் அந்த ஊர்க் கணக்கில் சமமாகிவிடுவார்கள். அது எனக்குப் பயமாக இருந்தது.

பிரித்தேன். 31 பேரில் நாலு பேருக்குத் தடுப்பூசி. 27 பேருக்கு இல்லை.

நாலு பேரில் முதலாமவர் மாட்டுக்காரரின் மனைவி. மாட்டின் வாயில் வடிந்ததை இரண்டு நாளாக வெறுங்கையால் துடைத்து விட்டிருக்கிறார். நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்து உள்ளங்கைக் கொப்புளங்கள் உடைந்திருந்தன. உடைந்த தோலில் எச்சில் என்றால் அது மூன்றாம் வகை, அதாவது ஆபத்து மிகுந்த வகை. தடுப்பூசியோடு, தயார்நிலையில் இருக்கும் எதிர்ப்புச் சக்தி மருந்தான இம்யூனோகுளோபுலினும் வேண்டும். இரண்டாமவர் புதன்கிழமை மாட்டைப் பிடித்து மரத்தில் கட்டியவர். அது தலையை உதறியதில் எச்சில் கண்ணில் தெறித்திருக்கிறது. அதுவும் மூன்றாம் வகைதான். மூன்றாவது, பக்கத்து வீட்டு நாலு வயதுப் பெண் குழந்தை. தொட்டி ஓரத்தில் விளையாடுவாளாம். முழங்கையில் புதுச் சிராய்ப்பு. எப்படி வந்தது என்று கேட்டால் ஒரு முறை "மாடு" என்றாள், ஒரு முறை "அண்ணன்" என்றாள். குழந்தை விஷயத்தில் சந்தேகம் என்றாலே போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

நாலாவது ஆளைப் பற்றி இன்றும் யோசிக்கிறேன். எழுபதைத் தாண்டியவர். தினமும் காலையில் கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிக்கிற பழக்கம். புகையிலை அடக்கி அடக்கிக் கன்னத்தின் உட்புறம் புண்ணாகியிருந்தது. வழிகாட்டு நெறிகளின்படி பாலுக்கு ஊசி தேவையில்லை. ஆனால் அந்தப் புண்ணைப் பார்த்த பிறகு எனக்கு மனம் ஒப்பவில்லை. தடுப்பூசி மட்டும் போட்டேன். சரியா என்று கேட்டால், கூடுதல் எச்சரிக்கை என்றுதான் சொல்வேன். இந்த ஒரு முடிவுதான் பின்னால் எனக்கு வேறொரு வழியில் உதவியது.

அந்த 27 பேரில் ஒரு பையன். பொறியியல் இரண்டாம் வருடம், விடுமுறைக்கு வந்தவன். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்துபோனார்கள். அவன் போகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மறுபடி வந்தான். படலைத் தொட்ட கையோடு வண்டிச் சாவியைத் தொட்டேன், பரவாயில்லையா என்றான். பரவாயில்லை என்றேன். சனிக்கிழமை காலை வந்தான். ராத்திரி முழுக்க போனில் படித்திருக்கிறான், கண் சிவந்திருந்தது. பத்து வருஷம் கழித்தும் வருமாமே என்றான். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் வரும், ஒரு வருடத்தைத் தாண்டுவது அரிது, அதுவும் வைரஸ் உள்ளே போயிருந்தால்தான் என்றேன். செத்த மாட்டைத் தூக்கியவர்களிடமிருந்து நமக்கு ஒட்டுமா என்றான். மனிதரிடமிருந்து மனிதருக்கு ஐயமில்லாமல் நிரூபிக்கப்பட்டது உறுப்பு மாற்றத்தில் மட்டும்தான் என்று சொல்லி, ஜெர்மனியில் நடந்ததை விவரித்தேன். 2004-இல் இந்தியாவுக்கு வந்து திரும்பிய ஒரு பெண் அங்கே இறந்துபோனார். ரேபிஸ் என்று யாருக்கும் தெரியாமல் அவர் உறுப்புகள் வேறு ஆட்களுக்குப் பொருத்தப்பட்டன. 2005-இல் அவர்களில் மூன்று பேர் ரேபிஸால் இறந்தார்கள். அவருடைய கல்லீரலைப் பெற்றவர், எப்போதோ முன்பு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்ததால் பிழைத்தார். அவன் தலையாட்டினான். ஆனால் காதில் வாங்கினானா என்று தெரியவில்லை.

பயத்தில் இருப்பவனுக்குத் தகவல் கொடுக்கக் கொடுக்க, அவன் அதிலிருந்தும் ஒரு பயத்தைத் தயாரித்துக்கொள்வான். இது எனக்கு அனுபவத்தில் தெரியும். தெரிந்திருந்தும் அன்று மதியம் நாலாவது முறை அவன் வாசலில் வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். "அந்தப் பச்சப்பால் தாத்தாவுக்குப் போட்டீங்கள்ல மேடம், எனக்கு மட்டும் ஏன் மாட்டேங்கிறீங்க?" என்றான். குரல் உடைந்தது.

பேனாவை வைத்தேன். "தம்பி, அவர் வாயில ஒரு புண்ணைப் பாத்தேன். அது ஒரு வாசல். உன் உடம்புல வாசல் எங்க இருக்குன்னு எனக்குக் காட்டு. காட்டுனா இப்பவே போடுறேன்" என்றேன்.

கையை விரித்துப் பார்த்தான். சட்டையை மடித்து முழங்கை வரை பார்த்தான். ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னான். திங்கட்கிழமை சாயங்காலம் மாட்டுக்காரத் தாத்தா வீட்டுக் கொடியில் ஒரு ஈரத் துண்டு கிடந்தது. அவன் சட்டை அதில் உரசிவிட்டது. அவன் பயமெல்லாம் உண்மையில் அந்தத் துண்டைப் பற்றித்தான்.

"அந்தத் துண்டுல அப்படி என்ன இருந்துச்சு?"

"தாத்தா கையத் தொடச்சது மேடம். மாட்டு வாய்க்குள்ள கைய விட்டு மாங்கொட்ட இருக்கான்னு பாத்துட்டு வந்து தொடச்சாரு."

நான் வெள்ளிக்கிழமைப் பட்டியலைப் புரட்டினேன். மாட்டுக்காரரின் பெயர் அதில் இல்லை. 31 பேர் வந்தார்கள், அவர் மனைவி வந்தார், அவர் மட்டும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. வந்து நின்றவர்களின் கூட்டத்தில், வராதவரை யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

ரேபிஸ் வந்த மாட்டுக்கு விழுங்கும் தசைகள் செயலிழந்துபோகும். எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிடும். பார்க்கிறவர்களுக்கு அது தொண்டையில் ஏதோ சிக்கிய மாதிரியேதான் தெரியும். பிரியமாக வளர்த்தவர் என்ன செய்வார்? வாயைப் பிளந்து கையை விடுவார். கால்நடை மருத்துவர்களுக்கு இது பழைய பாடம். மனித மருத்துவம் படித்த நாங்கள்தான் இதைக் கேட்க மறந்துவிடுகிறோம். செவ்வாய்க்கிழமை கால்நடை மருத்துவர் வந்து, வாயில் கைவிட்டவர்கள் உண்டா என்று கேட்டிருக்கிறார். அப்போது பெரியவர் பருத்திக்கொட்டை வாங்க டவுனுக்குப் போயிருந்தார். திங்கள் மதியம் அவர் கைவிட்டபோது மனைவி நூறு நாள் வேலையில் இருந்தார். தெருவில் அதைத் தெரிந்த ஒரே ஆள் இந்தப் பையன். அவனுக்கோ துண்டுதான் பெரிதாகத் தெரிந்தது.

வியட்நாமில் நடந்த இரண்டு நிகழ்வுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. 2009-இல் மருத்துவ இதழில் வெளியானவை. ஹனோயில் ரேபிஸால் இறந்த இருவரையும் எந்த விலங்கும் கடித்திருக்கவில்லை. ஒருவர் சாலையில் அடிபட்டுச் செத்த நாயை அறுத்தவர், மற்றவர் சில நாளாக நோயில் கிடந்த பூனையை அறுத்தவர். சமைத்த கறியைச் சேர்ந்து சாப்பிட்ட மற்றவர்களுக்கு நோய் வரவில்லை. ஊர் பயப்படும் இடம் சாப்பாட்டுத் தட்டு. வைரஸ் நுழைந்தது, அறுத்த கையில்.

நானே கிராம செவிலியரோடு அவர் வீட்டுக்குப் போனேன். பெரியவர் திண்ணையில் சாய்ந்திருந்தார். கன்றுக்குட்டி பக்கத்தில் கட்டியிருந்தது. "என்னைய மாடு கடிக்கல தாயி" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. வலது கையை வாங்கிப் பார்த்தேன். சோளத்தட்டை அறுத்த கை. விரல்களின் உட்பக்கம் ஆறியும் ஆறாமலும் ஏழெட்டு வெட்டுகள், ஆள்காட்டி விரலில் ஒன்று சற்று ஆழம். மணிக்கட்டுக்கு மேல் வரை உள்ளே விட்டுத் துழாவியிருக்கிறார். மாட்டின் பல் உரசிய சிராய்ப்பு ஒன்று புறங்கையில் தெரிந்தது. அதை அவர் கடியாகக் கணக்கில் எடுக்கவில்லை. கழுவினீர்களா என்றேன். துண்டில் துடைத்ததாகச் சொன்னார்.

ஊசிக்கு வர மறுத்தார். அவர் தம்பிக்குச் சின்ன வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பிள்ளை அலறியது இன்னும் காதில் இருக்கிறதாம். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் பல காலம் அதைத் தயாரித்தது. 2004-ஆம் ஆண்டின் கடைசியோடு இந்தியாவில் அது நின்றுபோனது. இப்போது போடுவது இரண்டு தோள்களிலும் தோலுக்குள் தோளுக்கொரு துளி, 0.1 மில்லி. நான்கே வருகைகள்: அன்றைக்கு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். இதைச் சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவரைக் கிளப்பியது என் விளக்கம் இல்லை. மனைவி உள்ளேயிருந்து வந்து தோளில் இருந்த ஊசித் தடத்தைக் காட்டி, "நான் போட்டுக்கிட்டேன்ல, எந்திரிங்க" என்றார்.

கைவிட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. ஐந்து நாள் ஆகிவிட்டதே, இனி என்ன பயன் என்று கைவிடக்கூடாது. இந்த நோய்க்கு அறிகுறி தோன்றிவிட்டால் அனேகமாகச் சாவுதான். தோன்றாதவரை நேரம் இருக்கிறது. வீட்டு முற்றத்திலேயே குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கையைக் கழுவ வைத்தோம். தாமதமானாலும் கழுவத்தான் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் தவணை போட்டோம். இம்யூனோகுளோபுலின் எங்களிடம் இல்லை. அன்று சாயங்காலமே அரசு மருத்துவமனைக்கு எங்கள் வண்டியிலேயே அனுப்பினோம். தடுப்பூசி போட்டு உடம்பு சொந்தமாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வாசலில் நிற்கும் காவல்தான் இம்யூனோகுளோபுலின். அதனால்தான் அதை இடுப்பில் குத்தாமல் காயத்துக்குள்ளேயும் சுற்றியும் செலுத்துகிறார்கள். அவர் எடை 52 கிலோ. குதிரையிலிருந்து எடுக்கும் வகை, கிலோவுக்கு 40 யூனிட் என்ற கணக்கில் 2,080 யூனிட்தான் உச்ச அளவு. விரல்களில் அவ்வளவு மருந்துக்கு இடம் ஏது? கொள்ளுமளவு ஒவ்வொரு வெட்டிலும் நிதானமாகச் செலுத்தினார்கள். வலித்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாராம்.

கால்நடை மருத்துவர் ஏற்கெனவே முன்தடுப்பு போட்டிருந்தவர். அவருக்கு அன்றும் மூன்றாம் நாளும் இரண்டே தவணை, இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. அவர்தான் கன்றுக்கும் தடுப்பூசித் தொடர் ஆரம்பித்தார். தாய் நக்கி நக்கி வளர்த்த கன்று அது.

அன்று இரவு பையனுக்கு நானே போன் செய்தேன். உன்னால்தான் தாத்தா ஊசி போட்டுக்கொண்டார் என்று சொன்னேன். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, அந்தத் துண்டை என்ன செய்வது என்று கேட்டான். சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடச் சொன்னேன். அதற்குப் பிறகும் அவன் இரண்டு முறை வந்தான். பயம் ஒரே நாளில் இறங்குகிற ஜுரம் இல்லை. இரண்டு முறையும் அவனை உட்காரவைத்து முழுதாகக் கேட்டேன், பேனாவை மூடி வைத்துவிட்டு.

அதிலிருந்து நாய்க்கடிப் பதிவேட்டில் எங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொண்டோம். "கடித்ததா?" என்று ஆரம்பிப்பதில்லை. அந்த விலங்கை யார் யார் கையாண்டார்கள், வாயைத் திறந்து பார்த்தது யார், மருந்து புகட்டியது யார், அறுத்தது யார், வராமல் வீட்டில் இருப்பது யார் என்று கேட்கிறோம். கடித்ததா என்ற கேள்விக்குப் பெரியவரின் பதில் உண்மையாகவே "இல்லை"தான்.

மூன்றாம் நாள், ஏழாம் நாள் தவணைகளுக்கு அவர் நேரத்துக்கு வந்தார். இருபத்தெட்டாம் நாள் வரவில்லை. செவிலியர் போன் செய்தால் எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வெயில் ஏறிய பிறகு, உழவு வேலை இழுத்துக்கொண்டது என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். கன்று தீவனம் தின்கிறது என்றார். சட்டையை இறக்கித் தோளைக் காட்டினார். நாலாவது தவணையைப் போட்டேன்.